வெள்ளித்திரையில் நம் வகுப்பறை

ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய வரலாற்று நூல்கள் உண்டு. அக்காலத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தார்கள் என்று அறிய வேண்டுமானால் அந்நூல்கள் கைகொடுப்பதில்லை. அவற்றில் அரசர்கள் இருப்பார்கள், போர்கள் இருக்கும், ஐந்தாண்டுத் திட்டங்கள் இருக்கும். கரும்பலகையைத் துடைக்கும் முறை யாருடையது என்று சண்டையிட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்த்துவைப்பது திரைப்படம்.

பள்ளி மலரில் சினிமாவைப் பற்றிக் கட்டுரையா என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் பாடப்புத்தகத்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகள் கண்ணில் அதிகம் படுவது சினிமாதான். தொலைக்காட்சியில் பார்க்கிறோம், கைபேசியில் பார்க்கிறோம், திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறினால் பாட்டாகவும் கேட்கிறோம். இவ்வளவு நேரம் நம்மோடு இருக்கும் ஒன்றைப் பற்றி வாய்மூடி இருப்பதைவிட, நல்லது எது, அல்லது எது என்று பேசிப் பார்ப்பதே மேல். ஆகவே, ஒவ்வொரு தலைமுறையின் பள்ளிப் பருவத்தையும் நன்றாகக் காட்டிய தமிழ்ப்படம் எது என்னும் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தேடப் புகுந்தால் இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. இந்தப் படங்களில் மாணவி உட்காரும் பெஞ்சு எங்கே இருக்கிறது?

முதலில் நம் ஆச்சிமார் காலத்தைப் பார்ப்போம். 1977-ஆம் ஆண்டில் பாரதிராஜாவின் முதல் படமாகிய '16 வயதினிலே' வெளிவந்தது. அந்தப் படத்தின் பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் சப்பாணியையும் பரட்டையையும் நினைக்கிறார்கள். கதையின் நடுவே நிற்பவளோ மயில். பள்ளி இறுதித் தேர்வில் தேறிய பெண். ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் விருப்பம். ஊருக்கு வந்த கால்நடை மருத்துவரின் சொல்லை நம்பியதால் அந்த விருப்பம் பாதியில் நின்றுபோகிறது. படம் வெளிவந்த ஆண்டில் சட்டப்படி பெண்ணின் திருமண வயது 15 என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1978-இல்தான், அது 18 ஆக உயர்ந்தது. அதே 1978-இல்தான் தமிழ்நாட்டில் பழைய பதினோராம் வகுப்பு முறை மாறி, பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பு என்னும் முறையும் வந்தது. பள்ளிப் படிப்பும் நீண்டது; திருமண வயதும் உயர்ந்தது. பெண் பிள்ளைகளுக்கு அது நல்ல ஆண்டு. மயில்தான் ஓராண்டு முந்திவிட்டாள்.

1979-இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' வந்தது. ஒரு சிற்றூரில் மூன்று சிறுவர்களின் வளரும் பருவத்தையும், புதிதாக வந்த ஆசிரியை மேல் அவர்களுக்கு உண்டாகும் ஈர்ப்பையும், நண்பன் ஒருவனை இழக்கும் துயரத்தையும் அமைதியாகச் சொன்ன படம் அது. சிறுவர்களின் மனத்தை அவ்வளவு உண்மையாகக் காட்டிய படம் அதற்கு முன் தமிழில் அரிது எனலாம். 1981-இல் பாரதி-வாசு இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்' ஊட்டியில் படிக்கும் பள்ளி மாணவன், மாணவி இருவரின் காதலைச் சொன்னது. குளிரும் கம்பளிச் சட்டையும் விடுதியும் உள்ள அந்தப் பள்ளிக்கும், வேப்பமர நிழலில் வியர்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லும் நம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வெகு தூரம். ஆயினும் பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கும் மனம் என்று ஒன்று உண்டு, அதைப் பெரியவர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும் என்று அது சொன்னது. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்தது நம் தாய்மார் காலம். அவர்களுடைய பள்ளி நாட்களைக் காட்டும் படங்கள் அந்த நாட்களிலேயே வரவில்லை. அவர்கள் வளர்ந்து, திரும்பிப் பார்க்கும் வயதில்தான் வந்தன. சேரனின் 'ஆட்டோகிராஃப்' 2004-இல் வந்தது. பிரேம்குமாரின் '96' 2018-இல் வந்தது. தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றில் 1996-ஆம் ஆண்டு அணியாகப் படித்தவர்கள் நெடுங்காலம் கழித்து ஒன்றுகூடுவதே '96'-இன் கதை. ஊதா மை படிந்த வெள்ளைச் சட்டை, வகுப்பில் பாடச் சொன்னால் எழுந்து பாடும் பெண், பேசாமலே கழிந்துபோகும் நட்பு ஆகியவற்றைப் பார்த்து எத்தனையோ அம்மாக்கள் கண்கலங்கினார்கள்.

இவ்விரு படங்களிலும் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ஆட்டோகிராஃ'பில் நாயகன் தன் திருமணத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போகிறான். பள்ளியில் உடன் படித்த பெண்ணோ ஏற்கெனவே மணமாகிப் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒரே வகுப்பில் படித்தவர்கள்தாம். அவனுக்குக் கேரளம், சென்னை என்று வாழ்க்கை விரிந்துகொண்டே போகிறது. அவளுக்கு அடுப்படியோடு முடிந்துவிட்டது. நாயகனின் நினைவைக் கேட்க மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். அவளுடைய நினைவுகளையும் யாராவது கேட்டிருந்தால் அதுவும் ஒரு படமாகியிருக்கும். அதைக் கேட்பார் இல்லை.

புதிய நூற்றாண்டு தொடங்கியதும் காட்சி மாறியது. 2002-இல் 'துள்ளுவதோ இளமை' வந்தது. வீட்டில் அன்பு கிடைக்காத மேல்நிலை மாணவர்கள் வீட்டை விட்டு ஓடுவது அதன் கதை. 2004-இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' வந்தது. மதுரையில் பள்ளியில் படிக்கும் பெண்ணும் மெக்கானிக் இளைஞனும் ஓடிப்போகிறார்கள், பிடிபடுகிறார்கள், அவள் வேறொருவனுக்கு மணம்செய்து வைக்கப்படுகிறாள், அவன் சித்தம் கலங்கித் தெருவில் திரிகிறான். சாதியின் கொடுமையைத் துணிவோடு காட்டிய படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வெற்றிக்குப் பின் வந்த பல படங்கள் சாதிக் கொடுமையை விட்டுவிட்டுச் சீருடையை மட்டும் எடுத்துக்கொண்டன. இரட்டைச் சடை போட்ட பெண் சைக்கிளில் போவாள். வேலைவெட்டி இல்லாத நாயகன் பின்னால் போவான். அவள் முதலில் முறைப்பாள், பிறகு சிரிப்பாள். இதுதான் பள்ளிப் பருவம் என்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு நம் தலையில்தான் விடிகிறது. படத்தில் பின்னால் போகிறவன் நாயகன் என்பதால், தெருவில் பின்னால் வருகிறவனும் தன்னை நாயகன் என்றே எண்ணிக்கொள்கிறான். அவள் முறைத்தால் அது இடைவேளைக்கு முந்திய பகுதி என்று நினைக்கிறான். அதே படத்தைப் பார்த்த பெற்றோர் வேறொரு பாடம் படிக்கிறார்கள். பெண்ணை வெளியே அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று பயப்படுகிறார்கள். தப்புச் செய்தவன் ஊரில் உலவுவான். படிப்பை நிறுத்துவதோ பெண்ணுக்கு. பதினெட்டு வயது நிறையாதவர்களைக் காக்கத் தனிச் சட்டமே 2012-இல் வந்துவிட்டது. ஆனால் ஒரு பெண் பிள்ளை புகார் சொல்வதற்கு முன் பத்து முறை யோசிக்கிறாள். சட்டம் தெரியாமல் அவள் தயங்குவதில்லை. சொன்னால் நாளை முதல் வீட்டோடு இரு என்று சொல்லிவிடுவார்களோ என்பதே அவளுடைய அச்சம். 'காதல்' எடுத்த அதே இயக்குநர் 2012-இல் 'வழக்கு எண் 18/9' எடுத்து, கைபேசி கையில் உள்ள ஒரு மாணவன் ஒரு மாணவிக்கு எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்று காட்டினார். இந்த எச்சரிக்கையை ஆண் பிள்ளைகளின் பள்ளிகளில்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

காதலை விட்டுவிட்டுப் பள்ளியைப் பள்ளியாகவே காட்டிய படங்களும் உண்டு. 2009-இல் பாண்டிராஜின் 'பசங்க' வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் இரண்டு சிறுவர்களின் பகை எப்படி நட்பாகிறது என்பதே கதை. தன் பெயரோடு இப்போதே ஐ.ஏ.எஸ். பட்டத்தைச் சேர்த்துச் சொல்லும் அன்புக்கரசுவை யாரால் மறக்க முடியும்? அதில் நடித்த சிறுவர் இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது பொருத்தமே. 2012-இல் வந்த 'சாட்டை' அரசுப் பள்ளியில் ஒரு நல்ல ஆசிரியர் என்ன மாற்றம் செய்ய முடியும் என்று காட்டியது. 2014-இல் ஹலிதா ஷமீம் என்னும் பெண் இயக்குநர் 'பூவரசம் பீப்பீ' எடுத்தார். அதிலும் கதையின் நாயகர்கள் மூன்று சிறுவர்களே.

நம் மண்ணுக்கு வருவோம். 2010-இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' பள்ளிப் படம் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன். மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த தென்மாவட்டப் பையன், தந்தை இறந்துபோனதால் சென்னைத் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறான். தேர்வு முடிவு வந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதும் பள்ளிக் கதைதானே? 2021-இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. பேருந்து நிற்காத ஊரில் படிப்பு எப்படி நிற்கும் என்று அது கேட்டது. கல்லூரியில் சேரப் புறப்பட்ட பெண் பக்கத்து ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் காட்சி ஒன்று அதில் உண்டு. அங்கே இருக்கும் இளைஞர்கள் அவளைக் கேலி செய்கிறார்கள். தட்டிக் கேட்ட தந்தைக்கும் அவமானம். பேருந்துக்காகக் காத்து நின்ற எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

பிறகு 2024 ஆகஸ்டில் 'வாழை' வந்தது. மாரி செல்வராஜ் பிறந்த புளியங்குளம் நமக்கு அயலூர் அன்று. நம் தாமிரபரணி பாயும் பகுதிதான். படத்தில் வரும் வாழைத் தோட்டங்களும் வரப்பும் சேறும் நாம் தினமும் பார்ப்பவை. சிவனைந்தான் நன்றாகப் படிக்கும் சிறுவன். விடுமுறை வந்தால் மற்றப் பிள்ளைகள் மகிழ்வார்கள், அவன் அஞ்சுவான். ஏனென்றால் விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்தால் துக்கப்படும் மாணவனை எனக்குத் தெரிந்து வேறு எந்தப் படமும் காட்டவில்லை. அவனுக்குப் பள்ளி என்றால் நிழல். பூங்கொடி டீச்சரின் அன்பு. ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை போடும் சுகம். அவன் கழுத்தில் தார் ஏறும்போது பார்க்கிறவர்களுக்கும் கழுத்து வலிக்கிறது. இயக்குநர் தம் வாழ்வில் பட்டதைச் சொன்னதால் வந்த வலிமை அது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படம் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஆச்சி காலத்துக்கு '16 வயதினிலே', அம்மா காலத்துக்கு '96', எல்லாக் காலத்துக்குமாக நம் பொருநைக் கரைக்கு 'வாழை' என்பது என் தேர்வு.

அந்த 'வாழை'யிலும் என் மனம் சிவனைந்தானோடு நிற்காமல் அவன் அக்கா வேம்புவிடம் போய் நிற்கிறது. அவளும் தார் சுமக்கிறாள். தம்பி படிக்கட்டும் என்று நினைக்கிறாள். அவளும் ஒரு காலத்தில் படித்திருப்பாளே, அவளை எந்த வகுப்பில் நிறுத்தினார்கள்? அன்று அவள் அழுதாளா? அவளுக்கும் பிடித்த டீச்சர் ஒருவர் இருந்தாரா? படம் தம்பியின் கண்ணால் பார்க்கிறது. ஆகவே இவை அதில் இல்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. தம் கதையைச் சொன்னவர் தம் கண்ணால்தான் பார்க்க முடியும். வேம்புவின் கதையைச் சொல்ல ஒரு வேம்பு வர வேண்டும்.

இதைத்தான் நான் முதலில் கேட்டேன். நம் படங்களில் சடங்கு வீடு பாட்டாகிறது. மாலையும் பந்தலும் மாமன் சீரும் அழகாகக் காட்டப்படுகின்றன. சடங்குக்குப் பிறகு பள்ளிக்கு வராமற்போன பெண்ணின் காலியான இடத்தைக் காட்டுவது அரிது. மாணவி வகுப்பில் இருக்கிறாள். ஆனால் யாரோ ஒருவன் திரும்பிப் பார்ப்பதற்காக இருக்கிறாள். அவள் கணக்குப் போடுவதையும், தோழியோடு கோபித்துப் பேசாமல் இருப்பதையும், தேர்வுக்கு முன் வயிறு கலங்குவதையும் பார்ப்பார் இல்லை. நான் பார்த்தவற்றுள் இதற்கு நல்ல விலக்கு 2016-இல் அஸ்வினி ஐயர் திவாரி இயக்கிய 'அம்மா கணக்கு'. வீட்டு வேலை செய்யும் தாய். கணக்கு வராத பத்தாம் வகுப்பு மகள். வேலைக்காரி மகள் வேலைக்காரிதானே ஆவாள் என்று மகள் சொல்வதைப் பொறுக்காமல் தாயே அதே வகுப்பில் சேர்ந்துவிடுகிறாள். அதில் காதலன் இல்லை, துரத்தல் இல்லை. கணக்கும் வறுமையும் தாயின் பிடிவாதமும் இருக்கின்றன. அதுவே படமாக ஓடப் போதுமானதாக இருந்தது.

சிலர் சொல்லலாம்: "சினிமா பொழுதுபோக்கு. பெண்கள் பள்ளியில் என்ன நடக்கிறது, படமாக எடுக்க?" இவர்கள் ஒரு நாள் நம் பள்ளி மதிய உணவு வேளைக்கு வந்து பார்க்கட்டும். உலகின் வேறு பகுதிகளில் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் ஹியூஸ் என்பவர் 1985-இல் 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' எடுத்தார். சனிக்கிழமை தண்டனைக்காகப் பள்ளி நூலகத்தில் அடைக்கப்பட்ட ஐந்து மாணவ மாணவியர் பேசிக்கொண்டிருப்பதுதான் படம். ஒரே அறை; பேச்சே கதை. 2017-இல் கிரேட்டா கெர்விக் 'லேடி பேர்ட்' எடுத்தார். அது நம்மைப்போலவே கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியின் கதை. இயக்குநரும் அத்தகைய பள்ளியில் படித்தவரே. தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் சண்டையும் பாசமும்தான் அதன் உயிர். அதில் வரும் கன்னியர் கேலிப்பொருள் அல்லர். மாணவியின் எழுத்தைப் படித்து அவள் மனத்தை அறிகிறவர். தமிழில் 2025-இல் வர்ஷா பரத் என்னும் பெண் இயக்குநர் ஒரு பெண்ணின் பள்ளிப் பருவத்தையும் அதற்குப் பிந்திய வாழ்வையும் அவள் பக்கமிருந்தே சொன்னார். அந்தப் படத்தின் பெயர் 'பேட் கேர்ள்'. தன் கதையைத் தானே சொல்லும் பெண்ணுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

நம் தலைமுறையின் பள்ளிப் படம் இன்னும் வரவில்லை. வந்தால் அதில் என்ன இருக்க வேண்டும்? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் நாள். இடையில் உள்ள காலம் முழுவதும் வீட்டுக்கு ஒரு கைபேசி. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் கைபேசி யாருக்குப் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது அதில் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இருக்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. வாழைத் தோட்டங்கள் மூழ்கின. நனைந்த புத்தகங்களை வெயிலில் ஒவ்வொரு பக்கமாக விரித்துக் காயவைத்த பிள்ளைகள் அதில் வர வேண்டும். நம்மாழ்வார் பிறந்த ஊரின் தேரோட்டமும், நம் பள்ளிச் சிற்றாலயத்தின் மணியும், இரண்டையும் கேட்டு வளரும் பெண்களும் வர வேண்டும்.

இன்னொன்றும் வர வேண்டும். 2025-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாணவியர் 95.88 விழுக்காடும் மாணவர் 91.74 விழுக்காடும் தேறினர். ஆண்டுதோறும் இப்படித்தான் நடக்கிறது. முடிவு வந்த அன்று செய்தித்தாளில் நம் படம் வருகிறது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துத் துள்ளுகிறோம். ஒரு நாள் மட்டும் நாம் கதையின் நடுவில் இருக்கிறோம். அடுத்த நாள் முதல் யார் மேலே படித்தாள், யார் வீட்டில் நின்றாள் என்று யாரும் படம் எடுப்பதில்லை. அந்த அடுத்த நாளிலிருந்துதான் நம் படம் தொடங்க வேண்டும்.

படம் எடுக்கப் பணம் வேண்டும், கருவி வேண்டும், வயது வேண்டும். எழுதுவதற்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஆகவே தோழியரே, உங்கள் ஆச்சி எந்த வகுப்போடு நின்றார், ஏன் நின்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள். உங்களைப் பற்றியும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டும் என்பதில்லை. உள்ளபடி எழுதினால் போதும். நாளை நம்முள் ஒருத்தி இயக்குநராகலாம். அவள் கதைக்கு அலைய வேண்டாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு